நாலாம் நம்பர் செட்டுக்கு இன்னொரு ரசிகன்

அன்பு மச்சான் தேசப்பா,

எனக்கும் அந்தப் பாட்டு பிடித்துவிட்டது.

சிரிக்காதே. தகரக் கொட்டகையில் ஆட்டுக்கல் உருட்டுகிறார்கள் என்று நான் கிண்டல் செய்த அதே பாட்டுதான். போன செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து பஜாரில் காதர் பாய் ரேடியோ கடைக்குப் போனேன். பேட்டரி வாங்கத்தான் போனேன். கடையில் ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தபலா கேட்டது, பாடுகிறவள் குரல் கேட்கவில்லை. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே குமிழைத் திருகப் போனேன். "நல்லாத்தானே பாடிக்கினு கீது, ஏன் தம்பி திருகுற?" என்றார் பாய். அதையும் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்புறம் பயந்துபோய் உன் கேசட்டைப் போடச் சொன்னேன். நீ போன பிறகு அவர் அதை மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறார். போட்டார். மச்சான், எல்லாம் கேட்டது. கிட்டாரின் ஒவ்வொரு கம்பியும், அந்த டிரம் அடிக்கிறவன் காலால் மிதிப்பதும், பாடுகிறவன் அடித்தொண்டையும், எல்லாம். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் இரண்டும் ஓடி முடியும்வரை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு பிடித்ததால் அழவில்லை. அது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது என்று தெரிந்ததால் அழுதேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். "உனக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

நீ போய் ஒரு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் கம்பெனியில் காது பரிசோதனை. பிரஸ் ஷாப்பிலிருந்து நான்கு பேர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், போன தடவை உனக்கு நின்ற மாதிரி அவர்களுக்கும் நிற்கச் சொல்லி. நின்றால் அவர்கள் வேலை தப்பிக்கும். நின்றதால் உனக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நேற்று வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

சங்கத்து ஆட்கள் கேட் எதிரே டீக்கடைப் பலகையில் மாதாமாதம் தொங்கவிடும் கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல உழைப்பாளி, பழக இனியவர் என்று நாலு வரி போதுமாம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. இதுதான் வருகிறது. இதை அவர்களிடம் கொடுப்பேனா, கிழித்து அடுப்பில் போடுவேனா என்று இந்த வரியை எழுதும்போது எனக்கே தெரியாது.

கொடுத்தால் படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று சொல்ல வேண்டும் இல்லையா? பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குப்பத்துக்காரன் நீ. சவுக்குத் தோப்பை வெட்டிக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஹெல்பராக வந்து சேர்ந்தாய். நாங்களும் உங்கள் ஆட்கள்தான், எங்கள் அப்பா காலத்திலேயே ஏரியை விட்டுவிட்டு வந்துவிட்டோம். எனக்குக் கூட்டாளியாக இருந்தாய், பிறகு என் தங்கை கன்னியம்மாவுக்குப் புருஷன் ஆனாய். உனக்குப் பெண் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். எனக்கு நீ பட்ட கடன் என்று ஒன்றுமில்லை, உனக்கு நான் பட்டதுதான் எல்லாம்.

நம் ஷாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஆறு பிரஸ். தகடு உள்ளே போனால் மேலேயிருந்து இடி மாதிரி இறங்கும். நாள் முழுக்க அந்தச் சத்தம். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் நாம் வாயால் பேசுவதே இல்லை, உதட்டைப் பார்ப்போம், சைகை காட்டுவோம். எண் சொல்வதற்கும் விரலைக் காட்ட மாட்டோம். பத்து விரலும் முழுசாக இருப்பவன் நம் ஷாப்பில் எத்தனை பேர்? மூன்று விரல் இருக்கிறவன் கையைக் காட்டினால் மூன்றா ஐந்தா என்று யாருக்குத் தெரியும்? அப்படி ஒரு தடவை டையை, அதாவது தகட்டை அமுக்குகிற அச்சை, தப்பாக மாட்டி, அதிலும் ஒருவன் விரல் போயிற்று. அதற்குப் பிறகுதான் உடம்பைத் தொட்டுச் சொல்கிற வழக்கம் வந்தது. தலை ஒன்று. மூக்கு இரண்டு. தாடை மூன்று. கழுத்து நான்கு. தோள் ஐந்து. மார்பு ஆறு. முழங்கை ஏழு. மணிக்கட்டு எட்டு. இடுப்பு ஒன்பது. காதைத் தொட்டால் சைபர்.

வெளியாள் பார்த்தால் உடம்பில் அரிப்பு என்று நினைப்பான். நமக்கு அது மொழி. பஜாரில், பஸ்ஸில், உன் கல்யாணப் பந்தியில்கூட நாம் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி அப்போதே ஒரு தாள் ஒட்டினார்கள். யார் வைத்தோம்? டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நல்ல பிரஸ்காரன் சத்தத்திலேயே கண்டுபிடிப்பான், பஞ்சு வைக்கிறவன் கத்துக்குட்டி என்று நான்தான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஐ.டி.ஐ. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டாய். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்த வெள்ளைக்காரர் வந்த மாதம் ஞாபகம் இருக்கிறதா? நாலாம் நம்பர் பிரஸ் புதிதாக வந்து இறங்கியது, அதைப் பொருத்திக் கொடுக்க அவர் இங்கிலாந்திலிருந்து வந்தார். தலைமுடி தோள்வரை. மத்தியானம் மெஷின் நிற்கிற நேரத்தில், டூல் பெட்டி மேல் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை வைத்து அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாண்ட்விச் தின்பார். முதல் நாள் எல்லாரும் சிரித்தோம். மெஷினை இப்போதுதானே நிறுத்தினார்கள், மறுபடியும் யார் ஓட்டுகிறார்கள் என்று நம் ஷாப் வரதன் கேட்டான். இந்த வகைப் பாட்டுக்கு ஹெவி மெட்டல் என்று பெயர் என்றார் அவர். "நம்ப சரக்குதான் அப்போ" என்றார் ஸ்டோர் கீப்பர். எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நீ ஓடி வந்தாய். வாயில் சோறு. கண்ணெல்லாம் விரிந்திருந்தது.

"மச்சான், பாட்டு வருது."

"இன்னாடா பாட்டு? கர்மம்."

"இல்ல மச்சான். பாட்டு. எனுக்குப் பாட்டு வருது. வந்து பாரு நீ."

நான் சட்டென்று புரிந்துகொள்ளவில்லை. உன்னோடு திரும்பி வந்து பார்த்தேன். நீ அந்தப் பெட்டி மேல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வருடமாக நீ எந்தப் பாட்டுக்கும் தலையாட்டியதில்லை. கோயில் மைக் செட் அலறும்போது நீ பாட்டுக்குச் சும்மா நிற்பாய். புதிதாகக் கல்யாணம் ஆனவன், கன்னியம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாய், அவள் திமிர் என்று நினைத்து அழுதாள். உனக்கு மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டிருந்தது. அந்தக் கேசட்டில் இருந்த பாட்டு செட்டு வாசித்தது கனமான சத்தம், அடியிலிருந்து கிளம்புகிற சத்தம். அது மட்டும்தான் உன் காதுவரை வந்தது. உனக்கு ஒரு பாட்டு கிடைத்ததும், உனக்குக் காது போய்விட்டதும், இரண்டும் எனக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும்போது வெள்ளைக்காரர் கேசட்டை உனக்கே கொடுத்துவிட்டார். அவரே வீட்டில் பதிவு செய்த கேசட், மேலே ஒன்றும் எழுதவில்லை. செட்டின் பெயர் என்ன என்று நீ கேட்டாய். அவர் சொன்னார்தான். ஆறு பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னார், யாருக்கும் விளங்கவில்லை. நான்கு பேர் என்பதை மட்டும் சைகையில் காட்டினார்: இரண்டு கிட்டார், ஒரு டிரம், ஒரு பாட்டுக்காரன். நீ அவர்களுக்கு நாலாம் நம்பர் செட் என்று பெயர் வைத்தாய். அந்த டிரம்காரன் அடிப்பது நாலாம் நம்பர் பிரஸ் மாதிரியே இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் காதர் பாய் கடைதான் உனக்கு. பாய் நல்ல மனுஷன். பழவேற்காட்டில் அவர் குடும்பத்துக்கும் உன் குப்பத்துக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு என்பதால் பொறுத்துக்கொண்டார். பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் இறக்கி வைப்பார். நீ அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்துகொள்வாய். "தேசப்பா, இது பாட்டா, இல்ல கப்பல் ஒடையிற சத்தமா? வர்ற கிராக்கியெல்லாம் ஓடுது, ரொம்ப பேஜாரா கீதுப்பா" என்பார். சொல்லிவிட்டு அவரே பக்கம் மாற்றிப் போடுவார்.

முதலில் நீ ஒருவன். அடுத்த வாரம் வரதன் சும்மா வேடிக்கை பார்க்க வந்தான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு இன்னும் இரண்டு பேர். தீபாவளிக்குள் ஏழு பேர் ஆகிவிட்டீர்கள். மெதுவாகத் தொடங்கி ஒரு இடத்தில் எல்லாம் சேர்ந்து இறங்குமே, அந்தப் பாட்டு, அதில் அந்த இடம் வந்ததும் ஏழு பேரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடுவீர்கள். படகு போகும்போது அடியில் மண் தட்டினால் காலில் ஒரு உதறல் வரும், அது மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய். பஜாரில் போகிறவர்கள் பைத்தியங்கள் என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஏழு பேரும் பிரஸ் ஷாப். ஒருவன்கூட பெயிண்ட் ஷாப்பிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ வரவில்லை. நல்ல காது உள்ளவன் ஒருவன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை மச்சான். ரசிகர் கூட்டம் என்று நினைத்தோம். அது ஆஸ்பத்திரி வார்டு. இந்த மூன்று நான்கு நாளாகத்தான் இது எனக்கு உறைக்கிறது, அதுவும் எட்டாவது ஆளாக நானே போய்ச் சேர்ந்த பிறகு.

பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். காது கேட்காதவர்களைப் பிரஸ்ஸில் வைக்கக் கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு வந்ததாகச் சொன்னார்கள். தேறாதவர்களுக்கு வேறு வேலை இல்லை, வீடுதான். முதல் நாள் சாயங்காலம் நீ என்னிடம் வந்தாய். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை எனக்கு.

"நான் சொல்லிடறேன் மச்சான். எனுக்குக் கேக்கலன்னு. போவட்டும் உடு. எங்கண்ணன் படகு சும்மாத்தான் கீது, ஏரிக்கே போயிடறேன். அங்க காது இன்னாத்துக்கு? தண்ணி நெறத்த பாத்தே மீன் எங்க போவுதுன்னு சொல்லுவேன்."

"எந்தங்கச்சி மறுபடியும் மீன் கூட தூக்கணுமா?"

இதைக் கேட்டவன் நான். எங்கள் அம்மா பொன்னேரி வரைக்கும் கூடையைத் தலையில் சுமந்து விற்றவள். கன்னியம்மா அப்படி அலையக் கூடாது, தங்கைக்குக் கம்பெனி மாப்பிள்ளை என்று ஊரில் சொல்லியாகிவிட்டது, அந்தப் பேச்சு கெடக் கூடாது. அதுதான் எனக்கு. உன் காது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டாய். "நாளைக்கு நான் பாத்துக்கறேன், நீ என்ன மட்டும் பாத்துக்கினு இரு" என்றேன். உன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி உதடு தெரியும்படி நின்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

மறுநாள் முதலுதவி அறையில் பெயர் கூப்பிட என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஸ்டூலில் நீ வாசலைப் பார்த்து உட்கார்ந்தாய். டாக்டர் உன் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண்ணைச் சொன்னார். பாவம், நல்லவர்தான், அறுபது பேரைப் பார்க்க வேண்டிய அவசரம், கண் பதிவேட்டிலேயே இருந்தது. முப்பத்தேழு என்றார். நான் தாடையைச் சொறிந்து முழங்கையைத் தடவினேன். "முப்பத்தேழு" என்றாய். நாற்பத்திரண்டு என்றார். கழுத்தைத் துடைத்து மூக்கைத் தொட்டேன். "நாப்பத்திரெண்டு." எழுபது என்றபோது முழங்கை, பிறகு காது. ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் காது ரொம்பக் கூர்மை என்று டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் நீ சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே டாக்டர் சொன்னதில் பாதியை நான் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் எட்டு மாதம். உன் பெண் பூங்கொடி பிறந்தாள், அவள் அழுவது உனக்குக் கேட்காது, தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தூங்கினாய், அவள் உதைத்தால் கயிறு ஆடும் என்று. பிறகு அந்த நாள். முதல் ஷிப்ட் விட்டு ஸ்டேஷன் பக்கம் ரயில் பாதை ஓரமாக எல்லாரும் நடப்பது போலத்தான் நாமும் நடந்தோம். நல்ல வெயில். வரதனோடு பேசிக்கொண்டே நான் ஐம்பது அடி பின்னால் வந்தேன். எதிரே கூட்ஸ் வண்டி வந்தது, நீ பார்த்தாய், அதற்கு வழி விட்டு அடுத்த பாதைக்கு ஏறினாய். அந்தப் பாதையில் பின்னாலிருந்து கூடூர் பக்கம் போகிற எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். அப்புறம் என் இரண்டு கையும் தானாகவே தலைக்கு மேலே போய்ப் பெருக்கல் குறி போட்டன, பிரஸ்ஸை நிறுத்து என்பதற்கு நாம் காட்டுவோமே, அதுதான். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவனுக்குச் சைகை எப்படித் தெரியும்? நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும்.

கூட்ஸ் ஓடுகிற இரைச்சலில் நல்ல காதுக்கும் கேட்டிருக்காது என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இஞ்சின்காரர் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டதே. தூரத்திலேயே விடாமல் அடித்தார். வரதன் சொன்னான், விதி என்று. விதிக்கு வாசலில் நின்று தாடையைச் சொறியத் தெரியுமா?

இப்போது அதே வரதன்தான் வந்து நிற்கிறான். அவனுக்கும் இன்னும் மூன்று பேருக்கும். எல்லாரும் அந்த ஏழு பேரில் உள்ளவர்கள்தான். முதல்முறை வந்தபோது முடியாது என்றேன். நேற்று முன்தினம் மறுபடி வந்தான்.

"எனுக்கு மூணு பொண்ணுங்க, ரத்தினம். நீ நிக்கலன்னா நாங்க நாலு பேரும் தெருவுலதான். உனுக்கும் கேக்கலன்னு தெரியும், உனுக்கு நான் நிக்கிறேன். எனுக்கு நீ நில்லு."

"எல்லாருமா சேந்து கேக்கலன்னு சொல்லிடலாம் வரதா. ஸ்டோர்ல போடு, பேக்கிங்ல போடுன்னு கேக்கலாம். அத்தினி பேரையும் தொரத்திடுவானுங்களா?"

"தொரத்துவான். பள்ளிப்பட்டுலேந்து, செவ்வாப்பேட்டைலேந்து தெனம் எத்தினி பேரு கேட்டாண்ட வந்து நிக்கிறான்னு நீ பாக்கல? அவனுங்களுக்குக் காது நல்லா கீது."

அவன் சொல்வது பொய் இல்லை. நான்கு குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதா, நான்கு பேரை மறுபடி அந்த ரயில் பாதையில் நடக்கவிடுவதா? உனக்கு ஒரு தடவை நான் முடிவு செய்தேன், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டேன். இவர்களுக்கு முடிவு செய்ய நான் யார்? ஆனால் நிற்பதும் ஒரு முடிவு, நிற்காததும் ஒரு முடிவு. இரண்டில் எதைச் செய்தாலும் என் கைதான். ராத்திரி பகல் என்று இல்லாமல் இதே ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் நேற்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏரிக்குப் போகிறேன் என்றதை, நான் விடாததை, வாசலில் நின்றதை, இப்போது வரதன் வந்து கேட்பதை. அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அன்னிக்குக் காலைல எங்கிட்டயும் சொல்லிட்டுத்தாண்ணா போச்சு, இன்னிக்கு டாக்டராண்ட சொல்லிடப் போறேன்னு. சாயந்தரம் வந்து பாஸாயிட்டேன்னுச்சு. நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பக்கத்தூட்டுக்கெல்லாம் போயி சொன்னேன். அது மூஞ்ச நான் பாக்கவே இல்ல."

அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

"திங்கக்கெழம சாயந்தரம் வரதன் ஊட்லயும் சந்தோஷமாத்தான் இருப்பாங்க."

அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

உன் மகளைப் பற்றிக் கேட்க மாட்டாயா? ஒன்றே முக்கால் வயது ஆகப் போகிறது. நன்றாக நடக்கிறாள், ஓடுகிறாள், எதையாவது இழுத்துப் போட்டு உடைக்கிறாள். உன் நெற்றி. பேச்சு இன்னும் நாலைந்து வார்த்தைதான். இன்று காலை நான் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்று எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ, தெரியவில்லை. கடைசியில் சுற்றி என் முன்னால் வந்தாள். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பிவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, "மாமா" என்றாள். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறாள் என்று கன்னியம்மாவைக் கேட்டேன். ஒரு மாதமாக என்றாள். என்னிடம் மட்டும்தானாம். மற்றவர்களை முதுகுக்குப் பின்னால் நின்றே கூப்பிடுகிறாளாம்.

மச்சான், இதைக் கிழிக்கப் போவதில்லை. நாளைக் காலை சங்கத்து ஆட்களிடம் கொடுத்துவிடுவேன், அவர்கள் தயங்கினால் நானே கோந்து தடவி டீக்கடைப் பலகையில் ஒட்டுவேன். கம்பெனி ஆட்களும் அங்கேதான் டீ குடிக்கிறார்கள், படிக்கட்டும். தலை ஒன்று, மூக்கு இரண்டு என்று எல்லாவற்றையும் மேலே எழுதிவிட்டேன். இனி நான் வாசலில் நின்றாலும் பயன் இல்லை. வரதன் என் சட்டையைப் பிடிப்பான். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அவன் மூன்று பெண்களுக்கும் நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத வரவில்லை.

இதை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நான் போய் உட்காருவேன். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் எண்ணைச் சொல்லி முடிக்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். வாசலைப் பார்க்க மாட்டேன், கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்வேன். தேசப்பனுக்கும் கேட்கவில்லை, அன்றைக்கு அவன் சொன்ன எண்ணெல்லாம் என்னுடையது என்றும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் கன்னியம்மாவுக்கு அண்ணன், உன் பூங்கொடிக்குத் தாய்மாமன்,
முனிரத்தினம்